நடுவுக்கு நகர்ந்த பெட்டிகள்

அந்த ஸ்டூடியோவில் உருப்படியாக ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று மூலையில் இருக்கிறது. பெரிய படத்தைத் திறக்கச் சொன்னால் மாடி ஏறிய கிழவர் மாதிரி மூச்சு வாங்கும். ஆக, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அதில் மாறி மாறி உட்கார இரண்டு பேர். அதுவும் கூடப்பிறந்தவர்கள். சண்டை வராமல் இருக்குமா?

தெருவே அவளை ஸ்டூடியோ அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் தம்பி சின்னவன். சின்னவனுக்கு நாற்பத்தைந்து வயது, தலையில் பாதி நரை. ஆனாலும் சின்னவன்தான். ஒட்டிக்கொண்ட பெயரை யார் பிய்த்து எடுப்பது? அக்காவுக்கு ஐம்பத்தொன்று. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு முடிந்த பிறகுதான் எனக்கு என்று அவன் சொன்னான். முதலில் அப்பாவைப் பார்க்கணும் என்று அவள் சொன்னாள். அப்பா பதினான்கு வருடம் கண் தெரியாமல் இருந்தார். அவர் போனபோது இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சை எடுக்கிற வயசு தாண்டிவிட்டது.

காலையில் அக்கா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று அடையாள அட்டைப் படம் எடுக்கப் போய்விடுவாள். அப்போது உள்ளறையில் சின்னவன் எடிட்டிங் பார்ப்பான். மதியம் இரண்டு மணிக்கு அவள் வந்தால் நாற்காலி அவளுக்கு. அவன் எழுந்து முன்னால் கவுண்டருக்குப் போய்விடுவான். வருடக்கணக்காக இப்படித்தான்.

எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் திரையின் நடுவில் படம் நிற்கும். அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பெட்டிகள். ஒன்றில் பிரஷ், ஒன்றில் நிறங்கள், ஒன்றில் லேயர்கள், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் போன்றவை. இந்தப் பெட்டிகளை எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைத்துக்கொள்ளலாம். அக்கா ஒரே ஒரு விதமாகத்தான் வைப்பாள். டூல் எல்லாம் இடது ஓரம், மற்ற எல்லாப் பெட்டியும் வலது ஓரம், சுவரில் சாய்த்த பாய் மாதிரி. நடுவில் படத்தின் மேல் ஒரு தூசுகூட விழக்கூடாது. "முகத்துக்கு மேல பெட்டியை வைக்கிறவன் எடிட்டர் இல்ல, மூட்டை தூக்குறவன்" என்பாள்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் அவள் வந்து உட்கார்ந்தாள். லேயர் பெட்டி வலது ஓரத்தைவிட்டு இரண்டு விரல் உள்ளே தள்ளி நின்றது.

"டேய், இதை யாருடா நகர்த்துனது?"

"நான்தான். அங்க இருந்தா எட்ட மாட்டேங்குது."

"எட்டலையா? மௌஸைத் தள்ளுறதுக்கு உனக்குக் கை வலிக்குதா? என்ன, கல்லுடைக்கிற வேலையா பாக்குற?"

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். அவள் பெட்டியை ஓரத்துக்கு இழுத்துத் தள்ளினாள். மறுநாள் அது திரும்பவும் உள்ளே வந்திருந்தது. அவள் தள்ளினாள். அடுத்த மாதம் நிறப் பெட்டியும் கூட வந்துவிட்டது. இவள் விடாக்கண்டி, அவன் கொடாக்கண்டன். காலையில் அவன் உள்ளே இழுப்பான். மதியம் இவள் வெளியே தள்ளுவாள். தள்ளும்போது வாய் சும்மா இருக்குமா? "உனக்குச் சொல்றதும் ஒண்ணு, எருமை மேல மழை பெய்யிறதும் ஒண்ணு" என்பாள். "படத்தைப் பாக்குறியா, பெட்டியைப் பாக்குறியா?" என்பாள். அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. "சரிக்கா, சரிக்கா" என்பான். மறுநாள் அதே கதை.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. டூல் பெட்டியும் இடது ஓரத்தை விட்டுப் புறப்பட்டு வந்துவிட்டது. சொல்லிச் சொல்லி அக்காவுக்கு நாக்கு தேய்ந்துதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. அவள் வந்து உட்கார்ந்தால் பெட்டிகள் அத்தனையும் அவள் வைக்கிற இடத்தில், ஒரு நூல் பிசகாமல் இருந்தன. அன்றைக்கு மட்டுமல்ல, தினமும். அவளுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்" என்று அவனிடமே சொன்னாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரியிடமும் சொன்னாள். "நாப்பத்தி நாலு வயசுல திருத்தி எடுத்துட்டேன் அவனை."

சின்னவன் கவுண்டரில் நின்று, "ஆமா, திருந்திட்டேன்" என்றான்.

அந்தச் சமாதானம் ஒரு வருடத்துக்கு நீடித்தது.

அந்த வருடத்தின் கடைசியில்தான் வகுப்புப் படம் வந்தது. நாற்பத்தாறு பிள்ளைகள், நான்கு வரிசை. அக்கா எடுத்த படம், சின்னவன் எடிட் செய்தது. முகங்களில் விழுந்திருந்த மஞ்சளைத் தட்டி, நிறம் சரிபண்ணி, அச்சுக்கு அனுப்பியிருந்தான். இரண்டு நாள் கழித்து அந்த வகுப்பு டீச்சர் அட்டையோடு கடைக்கு வந்துவிட்டார்.

"அக்கா, இதைப் பாருங்க. நடுவுல நிக்கிற பிள்ளைங்க எல்லாம் பளிச்சுனு இருக்காங்க. இந்தக் கோடியில நாலு பேர், அந்தக் கோடியில மூணு பேர் மட்டும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி. அவங்க அம்மாங்க என்னைப் பிடிச்சுக் கேக்குறாங்க, எங்க பிள்ளைன்னா இளப்பமான்னு."

அக்கா பார்த்தாள். உண்மைதான். ஓரத்துப் பிள்ளைகள் ஏழு பேரைத் தொடவே இல்லை. அவர்களில் ஒரு பெண் குழந்தை கண்ணை மூடியிருந்தாள். வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைக்கச் சொல்லி அக்கா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அதுவும் நடக்கவில்லை. டீச்சர் எதிரிலேயே அவள் கத்தினாள்.

"கோடியில நின்னா அது பிள்ளை இல்லையாடா? உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

சின்னவன் அட்டையை வாங்கினான். கழுத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார்த்தான். "விட்டுப்போச்சுக்கா" என்றான். முகம் வெளுத்திருந்தது. திட்டியதால் என்று அவள் நினைத்தாள். அன்று மதியம் அவளே உட்கார்ந்து ஏழு பிள்ளைகளையும் சரிசெய்து புது அட்டை போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் அவன் விளக்கு ஸ்டாண்டில் இரண்டு தடவை இடித்துக்கொண்டான். மூன்றாவது தடவை ஸ்டாண்டே விழுந்து விளக்கு நொறுங்கியது. அதற்கும் திட்டு. பிறகு ஒரு காலை வேளை, கடைக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது இடது பக்கம் வந்த சைக்கிளில் போய் விழுந்தான். சைக்கிள்காரர் மணியை அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். இவன் மணிச் சத்தம் கேட்டு நின்று, சைக்கிளைத் தேடி, தேடித் திரும்புவதற்குள் அது மேலே வந்துவிட்டது. நெற்றியில் தையல் போட்ட டாக்டர் தன் விரலை இவன் காதுப் பக்கம் ஆட்டிப் பார்த்தார். இங்கே தெரியுதா, இங்கே தெரியுதா என்று கேட்டார். பிறகு கண் டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை உண்டு. ஒரு குடுவை மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். சின்னவனை உட்கார வைத்தார்கள். அக்கா கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். டிக் என்று ஒரு சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. திரும்ப ஒரு டிக். திரும்ப மௌனம். மெஷின் பழுதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

கண் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. உள்ள இருக்கிற நரம்பு பட்டுப்போயிட்டே வருது. இது ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வர்ற வியாதி. இடது கண்ணுல நிழல்தான் மிச்சம். வலது கண்ணுல நடுவுல ஒரு சின்ன வட்டம் இருக்கு, அவ்வளவுதான். போனது திரும்பாது. வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாது" என்றாள் அக்கா. "சர்க்கரையாலன்னு சொன்னாங்க."

"இதுவாத்தான் இருந்திருக்கும். குடும்பத்துல வரும். நீங்களும் இன்னைக்கே டெஸ்ட் பண்ணிக்கங்க." அவர் சின்னவன் பக்கம் திரும்பினார். "எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர்" என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு மாசத்துல இவ்வளவு போகாது. நான் ஏன் கேக்குறேன்னா, இப்ப ரெண்டு வழி இருக்கு. சொட்டு மருந்து போட்டுப் பாக்குறது ஒண்ணு. ஆபரேஷன் இன்னொண்ணு. இவ்வளவு முத்தின கண்ணுல ஆபரேஷன் பண்ணா, இருக்கிற வட்டமும் சில பேருக்கு அணைஞ்சு போறது உண்டு. மெதுவா நடந்திருந்தா கத்தி வைக்காம சொட்டு மருந்தோட காத்திருக்கலாம். வேகமா நடந்திருந்தா காத்திருக்கிறது ஆபத்து. எவ்வளவு வேகம்னு எனக்குத் தெரியணும். பழைய ரிப்போர்ட் ஏதும் இல்ல. நீங்கதான் சொல்லணும்."

"தெரியலையே டாக்டர்" என்றான் அவன்.

அக்காவையும் அந்த மெஷினில் உட்கார வைத்தார்கள். டிக் டிக் டிக் என்று அவள் கட்டைவிரல் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. மேலே, கீழே, கோடியில், எங்கே பொட்டு வந்தாலும் தெரிந்தது. கதவுக்கு வெளியே சின்னவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழாதீங்கம்மா, கண்ணு கலங்கினா டெஸ்ட் சரியா வராது" என்றாள் நர்ஸ். அக்காவுக்கு ஒன்றுமில்லை, கண் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள். நல்ல செய்தி கேட்டு அப்படி அழுத ஒருத்தியை அந்த நர்ஸ் பார்த்திருக்க மாட்டாள்.

பத்து நாள் சொட்டு மருந்து போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா ஸ்டூடியோவைத் திறந்தாள். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

கடைசியாக அவள் வைத்துவிட்டுப் போன மாதிரியே பெட்டிகள் ஓரத்தில் நின்றன. அப்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறவன், ஓரத்தில் இருக்கிற இந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக எப்படி வேலை பார்த்தான்?

மேலே மெனுவில் வொர்க்ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. பெட்டிகளை அடுக்கின விதத்துக்கு ஒரு பெயர் கொடுத்து அங்கே சேமித்து வைக்கலாம்; பெயரைத் தட்டினால் எல்லாப் பெட்டியும் அந்தந்த இடத்துக்குத் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா அந்தப் பக்கமே போனதில்லை. ஒழுங்காக வைத்திருக்கிறவளுக்குச் சேமித்து எதற்கு என்பது அவள் கட்சி. இப்போது அதைத் திறந்தாள். நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. முப்பது பெயர் இருக்கும். எல்லாம் வருடமும் மாதமும் போட்டவை. சின்னவன் எதையும் பழசின் மேல் எழுத மாட்டான். வாடிக்கையாளர் படமானாலும் சரி, புதிதாக ஒன்று சேமிப்பானே தவிர பழசை அழிக்க மாட்டான்.

அவள் முதல் பெயரைத் தட்டினாள். லேயர் பெட்டி ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே வந்து நின்றது. அவள் முதல் முதலாகத் திட்டிய மாதம் அது. அவள் தினமும் வெளியே தள்ளிவிட்டதால், தினமும் திரும்ப அடுக்கச் சோம்பல்பட்டு அவன் சேமிக்க ஆரம்பித்திருக்கிறான். அடுத்த மாதத்தைத் தட்டினாள். நிறப் பெட்டியும் வந்தது. அடுத்தது. இடது ஓரம் கிளம்பியது. தட்டத் தட்டப் பெட்டிகள் நான்கு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு நகர்ந்தன. முதல் இரண்டு வருடம் எறும்பு ஊர்கிற மாதிரி; மாதத்துக்கு அரை விரல், ஒரு விரல். கடைசி ஐந்து மாதம் ஓட்டம். கடைசிப் பெயரைத் தட்டியபோது அத்தனை பெட்டியும் திரையின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே படத்துக்கு இருந்த இடம் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கைக்குள் நாற்பத்தாறு பிள்ளைகளையும் ஒவ்வொரு துண்டாக இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். ஏழு பேர் தப்பியது ஆச்சரியமில்லை. முப்பத்தொன்பது பேரைப் பிடித்ததுதான் ஆச்சரியம்.

பட்டியலின் அடியில் மாதம் போடாத ஒரு பெயர் இருந்தது. "அக்கா வர்றதுக்கு முன்னாடி."

அதைத் தட்டினாள். பெட்டிகள் எல்லாம் சட்டென்று சிதறி ஓடி, இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அவள் வைக்கிற இடத்திலேயே, ஒரு நூல் பிசகாமல் போய் நின்றன.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்திவிட்டேன் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாளே! திருந்தவில்லை, மறைத்திருக்கிறான். ஒரு வருடமாக, மதியம் அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இதைத் தட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறான். அதற்கு முன் ஒன்றரை வருடம் அவன் கண் போகிற வழியை அவளே தினமும் இந்தத் திரையில் பார்த்திருக்கிறாள். பார்த்து, தன் கையாலேயே வெளியே தள்ளிவிட்டிருக்கிறாள். எருமை என்றும் சொல்லியிருக்கிறாள். மேசையில் தலையை வைத்து, "பாவி, பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டு அழுதாள். முன்னால் கவுண்டரில் யாரோ இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, முப்பது அடுக்கையும் ஒவ்வொன்றாகத் தட்டித் திரையை அப்படியே படம் எடுத்தாள். மாதத்தோடு தாளில் அச்சடித்தாள்.

பத்தாம் நாள் டாக்டர் மேசையில் அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் தாள்களின் மேல் குனிந்துவிட்டார். சின்னவன் ஒரு தாளை எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தான். என்னவென்று தெரிந்ததும் திரும்ப மேசையில் வைத்துவிட்டான்.

"இது டெஸ்ட் ரிப்போர்ட் இல்ல" என்றார் டாக்டர். "இதை மட்டும் நம்பி நான் முடிவெடுக்க மாட்டேன். ஆனா மருந்துக்கு அழுத்தம் இறங்கல. உள்ள நரம்பும் இதையேதான் சொல்லுது. கடைசி அஞ்சு மாசம் ரொம்ப வேகம். காத்திருந்தா மூணு, நாலு மாசத்துல அந்த வட்டமும் போயிடும். ஆபரேஷன் பண்ணா நிக்கலாம். அணையவும் செய்யலாம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தி வச்சிருக்கலாம்."

சின்னவன் தலை நிமிர்ந்தது. "நிறுத்தி வச்சிருக்கலாமா?"

"பெரும்பாலும்."

"எங்க அப்பாவுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னாங்களே."

"அவரை எப்ப கூட்டிட்டுப் போனீங்க?"

முழுக்கப் போன பிறகுதான் கூட்டிப் போனார்கள்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் வெளியே அனுப்பினார். தாழ்வாரத்துப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள். அவன் பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஏண்டா சொல்லல?"

அவன் சட்டை நுனியை மடித்து மடித்துப் பிரித்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏண்டா சொல்லல? நான் என்ன வேத்து மனுஷியா?"

"சொன்னா என்ன ஆகும்? அப்பா மாதிரிதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மருந்து இல்லன்னு நெனச்சேன். மருந்து இல்லாததுக்கு எதுக்கு முன்கூட்டியே உன்னை அழ வைக்கணும்?"

"அதுக்காக?"

"அப்பாவைப் பதினாலு வருஷம் கையப் பிடிச்சு நடத்துன. முப்பதுல பிடிச்ச கை, நாப்பத்தி நாலுலதான் விட்ட. விட்டு ஏழு வருஷம்தான் ஆச்சு. கேமராவைத் தூக்கிட்டு நீ பாட்டுக்கு வெளிய போற, வர்ற. ஜெராக்ஸ் அக்காவோட சிரிக்கிற. இன்னும் எத்தனை நாள் அப்படி இருக்க முடியுமோ இருக்கட்டும்னுதான். முழுசா போன அன்னைக்குத் தெரிஞ்சா போதும்னு நெனச்சேன்."

அக்கா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மடையா" என்றாள். "அட மடையா. உன்னை யாருடா எனக்குக் கணக்குப் பண்ணச் சொன்னது?" இன்னும் ஓர் அடி அடித்தாள். அதற்குப் பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் தினம் பாத்தேன்டா" என்றாள். "பாத்துட்டுத் திட்டினேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே முதல் வருஷம் கையி சோம்பேறியாப் போச்சுன்னுதான் தோணுச்சு. நீ திட்டுறது சரின்னு நெனச்சேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஆபரேஷன் பண்ணவா, வேணாமா? நீயே சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அந்தத் தாள்கள் கண்ணுக்குள் நின்றன. அந்த வேகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? "பண்ணிடுவோம்" என்றாள்.

வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விளக்கை ஏற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"போட்டுட்டீங்களா?" என்று கேட்டான் சின்னவன்.

டாக்டர் விளக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். அக்கா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவன் கண்ணுக்குள் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் பதிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பும் என்றார்கள். காத்திருந்தார்கள். திரும்பவில்லை. மூன்றாவது வாரம் டாக்டர் அவன் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கங்க" என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க, முன்னாடியே சொல்லிட்டுத்தான பண்ணீங்க" என்றான் அவன். டாக்டருக்கு ஆறுதல் சொல்கிற நோயாளி. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பண்ணிடுவோம் என்ற அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. யார் வந்து என்ன சொன்னாலும் அதை அவள் திரும்ப எடுக்க முடியாது.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவன் விலக்கினான்.

"நீ முன்னாடி போக்கா. நான் வர்றேன்."

"டேய்..."

"போன்னா போ. பழகணும்ல."

அவள் போகிற மாதிரி நாலு எட்டு சத்தமாக நடந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து, அவனுக்கு வலது பக்கம் ஒரு கை தூரத்தில் கூடவே நடந்தாள். அவன் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். தண்ணீர்க் குழாயைத் தாண்டினான். ஒரு சக்கர நாற்காலியில் மோதி, நாற்காலியிடமே "சாரிங்க" என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கூப்பிடக்கூடாது, பிடிக்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தாழ்வாரம் முடிந்தது. சுவரும் அங்கேயே முடிந்தது. அதற்கு அப்பால் வாசல் படிகள், அதற்கு அப்பால் சாலை.

அவன் நின்றான். சுவர் தீர்ந்துபோன இடத்தில் கை காற்றில் துழாவியது. காலை முன்னால் நீட்டிப் பார்த்தான். படி விளிம்பு பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டான். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒரு நிமிடம் அப்படியே நின்றான்.

"அக்கா" என்றான் மெதுவாக. "நீ போகலதான?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் இடது கையை நீட்டினான். அவள் நின்றதோ வலது பக்கம். அந்தக் கை யாருமில்லாத பக்கத்தில் விரலை விரித்துக்கொண்டு காத்திருந்தது. அக்கா செருப்பைக் கீழே போட்டுவிட்டு, அவனுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போய், அந்தக் கையைப் பிடித்தாள்.